சீம்பால் இறங்கியதா? பிறந்த குதிரைக்குட்டியின் இரத்தத்தில் தேட வேண்டியவை

திருவேங்கடத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



பாண்டிய நாட்டில் குதிரைக்குட்டி உருப்படாது என்று எழுதிவைத்துப் போனவர் மார்க்கோ போலோ. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் எழுதிய காயல் துறைமுகம் நம் தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அரபு நாட்டிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின. மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார், அவருடைய உடன்பிறந்தாரும் அப்படியே வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை என்கிறார் போலோ. வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் கீஷ் தீவிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் வந்த கணக்கைச் சொல்கிறார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார். அத்தனை பொன் கொட்டி வாங்கிய உயிர்கள், பேணத் தெரிந்த ஆள் இல்லாமல் செத்தன. குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர்கள் இந்தப் பக்கம் வரவே விடவில்லை என்றும் போலோ எழுதுகிறார். குதிரை சாகச் சாகத்தானே அவர்களுக்கு வியாபாரம்.

இதையெல்லாம் வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். நான் நின்றுபோவது அடுத்த செய்தியில். உயர்ந்த பெட்டைக்கு உயர்ந்த ஆண் குதிரையைச் சேர்த்தாலும், பிறப்பது கால் கோணிப்போன, சவாரிக்கு ஆகாத சின்னக் குட்டிதான் என்கிறார். இந்த நாட்டுத் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர் முடிவு. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் பிறந்த குட்டிக்கு இன்று நோய் சொல்வது நேர்மையாகாது. தீனி குறைந்திருக்கலாம், தசைநாண் சுருங்கியிருக்கலாம். ஆனால் பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் இரத்தத்தில் கிருமி ஏறி, அது மூட்டுகளில் போய்த் தங்கிய குட்டியை நான் பார்த்திருக்கிறேன். பிழைத்தாலும் அதன் கால் நேராவதில்லை. அந்த நோயைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். செப்சிஸ் என்று மருத்துவம் அதைச் சொல்கிறது. கிருமி உடம்புக்குள் நுழைந்ததோடு நிற்பதில்லை. அதை எதிர்த்து உடம்பு எழுப்பும் வேகமே கட்டுமீறி, உடம்பின் உறுப்புகளைச் சிதைக்கும் நிலை அது.

திருவேங்கடத்தில் நின்றுகொண்டு குதிரைக்குட்டியைப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதிலும் குதிரை, மட்டக்குதிரை எல்லாம் சேர்த்து 3.4 லட்சம்தான். முந்தைய கணக்கெடுப்பிலிருந்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டன. கழுதைகள் 1.2 லட்சத்துக்கு இறங்கிவிட்டன. ஆனாலும் நம் தென்மாவட்டங்களில் கோயில் கொடை என்றால் மாட்டுவண்டிப் பந்தயத்தோடு குதிரை வண்டிப் பந்தயமும் நடக்கிறது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய்க் கத்தியவார், மார்வாரிக் குதிரைகளைப் பிடித்து வருகிறவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். ஓசூர் மத்திகிரியில் 1824இல் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய பண்ணை இன்று அரசின் கால்நடைப் பண்ணையாக நிற்கிறது. தமிழ்நாட்டில் குதிரை பிறக்காது என்ற பேச்சுக்கு அந்த இடமே பதில்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. குதிரைக்குட்டிக்கு நான் சொல்லப்போவதில் பாதி, உங்கள் வீட்டுக் கன்னுக்குட்டிக்கும், இந்தக் கரிசல் சீமையின் சொத்தான கன்னி ஆட்டுக் குட்டிக்கும் அப்படியே பொருந்தும். பால்கன்னியோ செங்கன்னியோ, முகத்தில் எந்த நிறக் கோடு இருந்தாலும் பிறக்கும்போது அந்தக் குட்டியின் நிலைமையும் இதுதான்.

மனிதக் குழந்தை பிறக்கும்போது தாயின் எதிர்ப்பொருள் அதன் இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கருப்பையில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாக அது இறங்கிவிடுகிறது. குதிரையின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு. தாயின் இரத்தத்துக்கும் குட்டியின் இரத்தத்துக்கும் இடையே அதில் ஆறு அடுக்குத் திசுக்கள் நிற்கின்றன. சத்து கடக்கும், உயிர்வளி கடக்கும், எதிர்ப்பொருளாகிய பெரிய புரதம் கடக்காது. பதினொரு மாதம் சுமந்து ஈனுகிற குட்டி, ஏறத்தாழ ஒரு எதிர்ப்பொருளும் இல்லாமல் தரையில் விழுகிறது. காவலுக்கு ஆள் இல்லாத விளைந்த காடு மாதிரி அது கிடக்கிறது.

இதே குதிரையின் எதிர்ப்பொருளை நம்பித்தான் கரிசல்காட்டு மனிதர்கள் பிழைக்கிறோம். பருத்திக் காட்டில் சுருட்டை விரியன் கடித்தால் ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்தது. பாம்பின் விஷத்தைச் சிறு சிறு அளவாகக் குதிரைக்குச் செலுத்தி, அது உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இதற்காகவே குதிரைகள் நின்றன. 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் பாம்பு பிடித்து விஷம் எடுத்துத் தருகிறது. ஒரு தேசத்துக்கே எதிர்ப்பொருள் கொடுக்கிற விலங்கு தன் குட்டிக்கு அதைக் கொடுக்க ஒரே வழிதான் வைத்திருக்கிறது. அந்த வழி சீம்பால்.

அந்த வழியும் வெகுநேரம் திறந்திருப்பதில்லை. பிறந்த குட்டியின் சிறுகுடல் சுவரில் உள்ள சில செல்களால் பெரிய புரதங்களைச் செரிக்காமல் முழுசாக விழுங்கி இரத்தத்துக்கு அனுப்ப முடியும். பிறந்த ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை அவை நன்றாக வேலை செய்யும். பிறகு அவை உதிர்ந்து, அந்தத் திறன் இல்லாத புதுச் செல்கள் வரும். 24 மணி நேரம் ஆனால் கதவு சாத்தியாகிவிட்டது. அதற்குப் பிறகு குடம் குடமாகச் சீம்பால் ஊற்றினாலும் வயிற்றுக்கு உணவாகுமே தவிர இரத்தத்துக்குக் காவலாகாது. கிருமிகளுக்கும் அதே குடல் அந்த நேரத்தில் திறந்தே கிடக்கிறது. சீம்பாலுக்கு முன்னால் சாணம் ஒட்டிய சுவரையும் தரையையும் நக்கிய குட்டி, அந்தச் செல்களுக்கு முதலில் விழுங்கக் கொடுப்பது எதை என்று எண்ணிப் பாருங்கள்.

நம் ஊர்களில் ஒரு பழக்கம் உண்டு. மாடு ஈன்றால் நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை மடியில் விடமாட்டார்கள். பால் குடித்தால் கொடி விழாது என்று ஒரு நம்பிக்கை. உண்மை நேர்மாறானது. கன்று காம்பைச் சப்பும்போது தாயின் உடம்பில் ஆக்சிடோசின் சுரக்கிறது, கருப்பை சுருங்குகிறது, கொடி விழ அதுவே துணை. மாட்டுக்குக் கொடி விழ எட்டு மணி நேரம், சில நேரம் அதற்கும் மேலே ஆகும். அதுவரை கட்டிவைத்த கன்று, தன் முதல் சில மாதங்களுக்கான காவலில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. குதிரை வைத்திருப்பவர்களும் மாட்டின் பழக்கத்தையே பின்பற்றுகிறார்கள். பந்தயக் குதிரை வைத்திருந்த ஒரு வீட்டில், கொடி விழட்டும் என்று விடியும்வரை குட்டியைத் தள்ளியே வைத்திருந்தார்கள். என்னை அழைத்தது மூன்றாம் நாள். பாசத்தில் யாருக்கும் குறைவில்லாத வீடு அது. குட்டியைச் சாக்கில் போர்த்தி, வீட்டுக்குள்ளே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதன் இரண்டு முழங்கால் மூட்டுகளும் வீங்கி, தொட்டால் சுட்டன. இந்த ஒரு பழக்கத்தை இந்த வட்டாரம் விட்டுவிட்டால், எந்த ஆய்வுக்கூடமும் தர முடியாத பலன் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இனி நோய்க்கு வருகிறேன். நல்ல குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்கும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்கும். தாய் மூன்று மணி நேரத்துக்குள் கொடியைப் போட்டுவிடும். பிறகு குட்டி மணிக்கு ஐந்தாறு முறையாவது மடிக்குப் போகும். நோய் பிடித்த குட்டி முதலில் செய்வது, குடிப்பதைக் குறைப்பது. அதை நேரில் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். தாயின் மடியைப் பாருங்கள். மடி கட்டிப்போய்க் காம்பில் பால் சொட்டினால் குட்டி குடிக்கவில்லை. குட்டியின் நெற்றியில் பால் காய்ந்திருந்தால், அது மடிக்கடியில் போய் நின்றிருக்கிறது, காம்பைப் பிடிக்கவில்லை. ஈறு அடர்சிவப்பாக மாறுவது, காதுக்குள் பொட்டுப் பொட்டாக இரத்தக்கசிவு, குளம்புக்கு மேலே சிவந்த வளையம் என்று மற்ற அடையாளங்கள் பின்னால் வரும். காய்ச்சல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உடம்பு குளிர்ந்துபோன குட்டி காய்ச்சல் உள்ளதைவிட ஆபத்தான நிலையில் இருக்கிறது.

கிருமிகளில் முதல் இடம் ஈ. கோலைக்கு. ஆக்டினோபேசில்லஸ், கிளெப்சியெல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று வேறு சிலவும் உண்டு. குடல், தொப்புள், மூச்சுக்குழல், சில சமயம் பிறக்கும் முன்பே நோயுற்ற நஞ்சுக்கொடி என்று அவை வரும் வழிகள் பல. எந்தக் கிருமி என்று அறிய இரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். அதுதான் சான்று. ஆனால் முடிவு வர இரண்டு நாள், மூன்று நாள் ஆகும். கிருமி இருந்தும் வளராமல் போவதும் உண்டு. மூன்று நாள் கழித்து வருகிற உண்மை, பிறந்து மூன்று நாளே ஆன குட்டிக்கு என்ன பயன் தரும்? கிருமியைக் காணும் முன்பே, கிருமி வந்ததற்கு உடம்பு காட்டுகிற மாற்றத்தை இரத்தத்தில் பிடிக்க முடியுமா என்ற தேடல் இங்கேதான் தொடங்கியது.

அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பார்பரா புரூவரும் ஆன் கொட்டர்பாவும் 1988இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். வெள்ளையணுக்கள், சர்க்கரை, ஃபைப்ரினோஜன், எதிர்ப்பொருள் அளவு, உடல் அடையாளங்கள், பிறப்பு வரலாறு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். 11ஐத் தாண்டினால் செப்சிஸ் என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் வெளியிட்டபோது பத்தில் ஒன்பதுக்கு மேல் சரியாகப் பிடித்தது. பின்னாளில் வேறு மருத்துவமனைகளில் நிறையக் குட்டிகளை வைத்துச் சோதித்தபோது அந்த அளவுக்குப் பிடிக்கவில்லை. அதற்காக அந்த முறையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். உலகம் முழுக்க மருத்துவர்களை ஒழுங்காக, ஒன்று விடாமல் குட்டியைப் பார்க்க வைத்தது அந்தத் தாள்.

இப்போது தனித்தனிக் குறிகாட்டிகள். வெள்ளையணுவில் நியூட்ரோபில் என்ற வகை, கடும் தொற்றில் திசுக்களுக்கு ஓடிவிடுவதால் இரத்தத்தில் குறைந்துபோகும். ஒரு மைக்ரோலிட்டரில் 4,000க்குக் கீழே போனால் எச்சரிக்கை. எண்ணிக்கையைவிட அவற்றின் தோற்றம் இன்னும் பேசும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு இரத்தத்தைத் தேய்த்து, லீஷ்மன் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் முதிராத இளம் செல்களும், உள்ளே குழிவிழுந்து நீலத் திட்டுகள் ஏறிய செல்களும் தெரியும். மாணவர்களே, இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், பழகிய கண் வேண்டும். நான் படித்த நாளிலிருந்து இன்றுவரை இதற்கு ஈடாக மலிவான சோதனை வேறொன்று வரவில்லை.

ஃபைப்ரினோஜன் மெதுவாக எழும் புரதம். தொற்று தொடங்கி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கூடும். ஆகவே பிறந்த அன்றே அது டெசிலிட்டருக்கு 600 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் நோய் கருப்பையிலேயே தொடங்கிவிட்டது என்று பொருள். தாமதம்தான் அதன் குறை. அந்தத் தாமதமே, நோய் கருப்பையில் தொடங்கியதா என்ற ஒரு கேள்விக்கு நல்ல விடை தருகிறது.

சீரம் அமிலாய்டு ஏ என்ற புரதம் இன்று குதிரை மருத்துவத்தில் அதிகம் பேசப்படுவது. தொற்றின் சேதி கிடைத்ததும் ஈரல் அதை உற்பத்தி செய்கிறது. நலமான குட்டியில் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். தொற்று வந்தால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் எழத் தொடங்கி, இரண்டு நாளில் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று ஏறிவிடும். தொற்று அடங்கினால் அதே வேகத்தில் இறங்கும். லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டினால் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றும் எல்லை. தொழுவத்திலேயே வைத்துப் பார்க்கும் பட்டைச் சோதனையாகவும் வந்துவிட்டது. ஆனால் அடிபட்டாலும், வேறு அழற்சி வந்தாலும் இது ஏறும். தொற்று தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் ஏறியிருக்காது. ஆகவே ஒரே ஒருமுறை பார்த்த அளவை வைத்து முடிவு கட்டக்கூடாது. பன்னிரண்டு மணி நேரம் விட்டு மறுபடி பார்த்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று அறிவதில்தான் அதன் முழுப் பயன் இருக்கிறது.

லாக்டேட், உறுப்புகளுக்கு உயிர்வளி போதவில்லை என்பதைச் சொல்கிறது. பிறந்தவுடன் நல்ல குட்டிக்கும் அது கூடுதலாகவே இருக்கும். ஓரிரு நாளில் இறங்கும். இறங்காமல் நின்றால் உயிருக்கு ஆபத்து. குட்டி பிழைக்குமா என்பதற்குத்தான் இது நல்ல குறி. கிருமி இருக்கிறதா என்பதற்கு அல்ல. சர்க்கரை குறைவதும் அப்படியே. புரோகால்சிடோனின் மனித மருத்துவத்தில் 1993 முதல் பெரிய பெயர் வாங்கியது. குதிரைக்குட்டியில் அதன் முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. இப்போதைக்கு நான் அதன்மேல் பாரம் ஏற்றமாட்டேன். கார்ட்டிசால், அதைத் தூண்டும் ஹார்மோன், இரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகள் என்று பட்டியல் நீள்கிறது. அவை ஆராய்ச்சியாளர்களின் மேசையில் இருக்கட்டும்.

ஒரு கணக்கைப் பொறுமையாகக் கேளுங்கள். நோயுள்ள நூறு குட்டிகளில் எண்பதைப் பிடிக்கிற, நோயில்லாத நூறில் எண்பதைச் சரியாக விட்டுவிடுகிற ஒரு சோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். குட்டிகளில் பத்தில் ஒன்றுக்கு நோய் இருக்கிற ஊரில் இதைச் செய்கிறோம். நூறு குட்டிகளில் நோயுள்ளவை பத்து. அவற்றில் எட்டு அகப்படும். நோயில்லாத தொண்ணூறில் பதினெட்டு வீணாக மாட்டிக்கொள்ளும். நோய் என்று சோதனை காட்டிய இருபத்தாறில் மெய்யாக நோயுள்ளவை எட்டுதான். அதே சோதனையைச் சீக்குக் குட்டிகள் மட்டும் வந்து சேரும் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே நூறில் ஐம்பதுக்கு நோய். நாற்பது அகப்படும், பத்து வீணாக மாட்டும். நோய் என்று காட்டிய ஐம்பதில் நாற்பது மெய். சோதனை மாறவில்லை, குட்டி வந்த இடம் மாறியதும் விடையின் மதிப்பு மாறிவிட்டது. மறுபக்கமும் பாருங்கள். ஊரில் நோயில்லை என்று காட்டிய எழுபத்துநான்கில் இரண்டுதான் தப்பு. மருத்துவமனையில் நோயில்லை என்று காட்டிய ஐம்பதில் பத்து தப்பு. ஊரில் இருக்கும் கால்நடை மருத்துவருக்கு இந்தச் சோதனை 'இல்லை' என்று சொல்லும்போது நம்பத் தகுந்தது. பெரிய மருத்துவமனையில் 'உண்டு' என்று சொல்லும்போது. கென்டக்கியிலும் நியூமார்க்கெட்டிலும் ஐம்பது கிலோ எடையுள்ள பந்தய இனக் குட்டிகளை வைத்து வகுத்த எல்லைகளை, நம் நாட்டு மட்டக்குதிரையின் சின்னக் குட்டிக்கு அப்படியே பொருத்தக்கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கும் இதுவே காரணம்.

அப்படியானால் நம் வட்டாரத்துக்கு எந்தச் சோதனை முதலில் வேண்டும்? என் விடை சீரம் அமிலாய்டும் அல்ல, புரோகால்சிடோனினும் அல்ல. குட்டியின் இரத்தத்தில் சீம்பாலின் எதிர்ப்பொருள் ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனைதான். மற்றவை எல்லாம் கிருமி உள்ளே வந்த பிறகு பேசுகின்றன. இது ஒன்றுதான் வரும் முன்பே, இந்தக் குட்டிக்குக் காவல் இல்லை என்று சொல்கிறது. இம்யூனோகுளோபுலின் ஜி ஒரு டெசிலிட்டரில் 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 400க்கும் 800க்கும் இடையில் இருந்தால் அரைகுறை. 400க்குக் கீழே என்றால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும்.

இதற்கு இறக்குமதிப் பெட்டி வேண்டியதில்லை. குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருள் பல ஆய்வுக்கூடங்களில் இருக்கும். குட்டியின் இரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் சீரத்தில் அரை மில்லிலிட்டர் எடுத்து, 10 சதவீதக் கரைசலில் 50 மைக்ரோலிட்டர் விட்டுக் குலுக்கி வைக்க வேண்டும். பத்து நிமிடத்துக்குள் கட்டியாக இறுகினால் எதிர்ப்பொருள் 800க்கு மேல். ஒரு மணி நேரத்துக்குள் இறுகினால் 400க்கு மேல். ஒரு மணி நேரம் கழித்தும் ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் குட்டிக்கு ஆபத்து. கன்றுக்கும் இதே முறை கைகொடுக்கும். வழக்கமாகப் பிறந்த 18 முதல் 24 மணி நேரத்தில் இதைப் பார்ப்பார்கள். பன்னிரண்டாம் மணி நேரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்பது என் யோசனை. அப்போது குறைந்திருந்தால், கதவு சாத்தும் முன் இன்னொரு தாயின் சீம்பாலைக் குழாய் வழி கொடுக்க நேரம் மிஞ்சும். அதற்குப் பிறகென்றால் நலமான குதிரையின் பிளாஸ்மாவை நரம்பில் ஏற்ற வேண்டும். ஐம்பது கிலோ குட்டிக்கு ஒரு லிட்டர் ஏற்றினால் எதிர்ப்பொருள் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் கூடும். செலவும் சிரமமும் அதிகம், ஆனால் உயிர் நிற்கும்.

சிலர் கேட்பார்கள்: சோதனை எதற்கு, பிறந்த குட்டிக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டுவிட்டால் என்ன? இதற்கு மனிதக் குழந்தைகளின் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளின் செப்சிஸ் பற்றி நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. அனுமதிக்கப்பட்ட 13,530 குழந்தைகளில் 14.3 சதவீதத்துக்கு செப்சிஸ். அசினெட்டோபேக்டர், கிளெப்சியெல்லா, ஈ. கோலை ஆகிய கிருமிகள் முன்னணியில் நின்றன. அவற்றில் பெரும்பகுதி பல மருந்துகளுக்கு மசியாதவை. குழந்தைக்கும் குட்டிக்கும் கிருமியின் குடும்பம் ஒன்றுதான். மருந்தின் பெயரும் ஒன்றுதான். தொழுவத்தில் வீணாகப் போட்ட ஊசி, பிரசவ வார்டில் இருக்கும் பிள்ளையின் மருந்தைப் பறித்துவிடும். அதனால்தான் குறிகாட்டிகளின் பெரிய பயன், ஊசியை எப்போது நிறுத்தலாம் என்று சொல்வதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, கனடா, செக் நாடுகளில் 1,710 பச்சிளங்குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. புரோகால்சிடோனின் அளவைத் தொடர்ந்து பார்த்து மருந்தை நிறுத்தியபோது, மருந்து கொடுத்த நேரம் 65 மணியிலிருந்து 55 மணியாகக் குறைந்தது. குதிரைக்குட்டியில் அந்த வேலையைச் செய்யத் தக்கது சீரம் அமிலாய்டுதான். விரைவாக ஏறி விரைவாக இறங்கும் அதன் குணம் அதற்கு ஏற்றது.

ஆய்வுக்கூடமே இல்லாத இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது என்று யாரும் கைவிட வேண்டாம். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதியர், கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அடையாளங்களை மட்டும் வைத்தே குழந்தைகளின் செப்சிஸைக் கண்டுபிடித்து வீட்டிலேயே வைத்தியம் செய்ய வைத்தார்கள். 1999இல் லான்செட் இதழில் வந்த அவர்களுடைய கணக்கில், ஒப்பிட்ட மற்ற கிராமங்களைவிடப் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. பால் குடிப்பது குறைந்தது, அழுகை மெலிந்தது, உடல் துவண்டது என்பவைதான் அந்தப் பெண்கள் பார்த்தவை. நெற்றியில் காய்ந்த பாலைப் பார்க்கச் சொன்னேனே, அதுவும் இந்த வகைதான். இந்த ஊரில் அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இப்போது என் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நடைமுறைக்குச் சில செய்திகள். குட்டி பிறந்த நேரத்தைச் சுவரில் கரியால் எழுதினாலும் சரி, குறித்து வையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்; மேலே சொன்ன எல்லா எண்களுக்கும் பொருள் அந்த நேரத்தை வைத்தே வரும். ஈனும் முன்பே தாயின் காம்பில் பால் ஒழுகுகிறதா பாருங்கள். அப்படி ஒழுகிப்போனால் சீம்பால் தரையில் போய்விட்டது, குட்டி எவ்வளவு குடித்தாலும் பயன் குறைவு. தொப்புளைக் குளோர்ஹெக்சிடின் கரைசலில் முக்குங்கள். சாணமோ சாம்பலோ மஞ்சளோ வேண்டாம். குட்டி வயிறாரக் குடித்த பிறகு, நல்ல சீம்பால் உள்ள குதிரையிடமிருந்து கால் லிட்டர் கறந்து உறைநிலையில் வைத்தால் ஓராண்டு கெடாது. வேண்டும்போது வெதுவெதுப்பான நீரில் வைத்து உருக்க வேண்டும். கொதிநீர் எதிர்ப்பொருளை அழித்துவிடும். குதிரை வைத்திருப்பவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் இந்த வட்டாரத்துக்கே ஒரு சீம்பால் சேமிப்பு வைத்துவிடலாம். ஆட்டுக்கும் இப்படியே செய்யலாம். மூன்று குட்டி போட்டுவிட்டுப் பால் போதாமல் நிற்கும் கன்னி ஆடு எந்தக் கிடையில்தான் இல்லை?

திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்களில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்க விரும்புகிறேன். தென்மாவட்டங்களில் பிறக்கும் நலமான குதிரைக்குட்டி, கழுதைக்குட்டி, கன்னி ஆட்டுக்குட்டி ஆகியவற்றிலிருந்து பிறந்தவுடன் ஒருமுறை, பன்னிரண்டாம் மணியில், இருபத்துநான்காம் மணியில், நாற்பத்தெட்டாம் மணியில் என்று இரண்டு மில்லிலிட்டர் இரத்தம் எடுத்து, எதிர்ப்பொருள், நியூட்ரோபில், ஃபைப்ரினோஜன், சீரம் அமிலாய்டு ஆகிய நான்கையும் அளந்து வையுங்கள். இரத்தம் எடுக்கும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். தாயின் மூக்குக்கு எட்டும் தூரத்திலேயே வைத்து எடுங்கள். நலமான நம் குட்டியின் அளவு தெரிந்தால்தான் சீக்குக் குட்டியின் அளவை நம்மால் சொல்ல முடியும். முதலில் செய்ய வேண்டியது கழுகுமலை, சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கம் சினையாக நிற்கும் பெட்டைகளின் பட்டியல். அதை எழுதித் தர இந்த அவையிலேயே ஆள் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், நோட்டு கொண்டுவந்திருக்கிறேன்.